போர்வைக்குள் மறைந்த கால்

நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஓட்டியே முப்பத்திரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டு வீட்டோடு இருந்த என் பெரியப்பா, பரமத்தி சாலையோரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் மோதி விழுந்து, வலது தொடையெலும்பும் சில விலா எலும்புகளும் முறிந்த நிலையில், இவ்வட்டாரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். வாயில் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், செருப்பைக் கழற்றிப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம். ஏழாம் நாள் மாலை உள்ளே போன பெரியம்மா, கால்மாட்டில் ஒதுங்கியிருந்த போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது, பெரியப்பா கண்ணேறு படாதிருக்க இடது கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்து கிடப்பதைக் கண்டார். அடிபட்டது வலது கால். வீங்கியிருந்ததோ இடது கால். “ஏனுங்க சிஸ்டர், அடிபட்டது இந்தக் காலுங்க, உப்பிக் கெடக்கறது அந்தக் காலுங்களே?” என்று கேட்டதற்கு, “ட்ரிப்ஸ் நெறைய ஏறுதுங்கம்மா, நீர் கோத்திருக்கும், டாக்டர்கிட்டச் சொல்றேனுங்க” என்று பதில் வந்தது. அந்தப் பெண் ஆறு படுக்கைகளை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். தனக்குத் தெரிந்ததைப் பரிவோடுதான் சொன்னாள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கி, முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களிடம் ‘ஹார்ட் அட்டாக்’ என்றார்கள். கையில் கொடுத்த காகிதத்தில் ‘இருதய சுவாச நிறுத்தம்’ என்று எழுதியிருந்தது.

பெரியப்பா நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்துத்தான் இறந்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. அப்படித்தான் என்றோ அப்படியில்லை என்றோ இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏனெனில் அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் விடை கிடைத்திருக்கக்கூடிய ஒரு கேள்வி, அவருடைய படுக்கையருகே ஒன்பது நாட்களும் கேட்கப்படாமலே போயிற்று என்பதும், சேலத்திலும் நாமக்கல்லிலும் அவருக்குப் பின் அதே மாதிரிப் படுக்கைகளில் படுத்தவர்களுக்கும் அது நாள்தோறும் கேட்கப்படுகிறது என்ற உறுதி நமக்கு இல்லை என்பதுமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

காலின் உட்புறச் சிரைகளில் இருக்கும் இரத்தம் மேல்நோக்கி ஏறி வருவதற்கு இருதயத்தின் உந்துதல் மட்டும் போதாது. நாம் நடக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து அதை மேலே தள்ளிக் கொடுக்கிறது. அசையாமல் கிடப்பவருக்கு அந்த உதவி நின்றுபோகிறது. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் பாயும் ராஜவாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நீர் ஓடுகிற வரையில் வாய்க்கால் சுத்தமாக இருக்கிறது, அடைத்த பிறகு அங்கங்கே தேங்கிய குட்டைகளில் நாலே நாளில் பாசி படர்ந்துவிடுகிறது. இரத்தம் ஓட்டம் குன்றித் தேங்குவது, இரத்தக் குழாயின் சுவர் காயப்படுவது, இரத்தமே சீக்கிரம் உறையும் தன்மையை அடைவது ஆகிய இம்மூன்றும் உறைவுக்குக் காரணங்கள் என்ற கருத்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ச்சி செய்த ருடால்ப் விர்கோ என்ற ஜெர்மானிய மருத்துவ மேதையின் பெயரால் இன்றும் வழங்கி வருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் நோயாளியிடம் இம்மூன்றும் ஏககாலத்தில் கூடியிருக்கின்றன: அவர் அசைவதில்லை, விபத்தோ அறுவையோ கழுத்திலும் தொடையிலும் செருகிய குழாயோ அவருடைய சிரையைக் காயப்படுத்தியிருக்கிறது, கிருமித் தொற்றின் தீவிரம் அவருடைய இரத்தத்தை உறையத் தயாராக்கி வைத்திருக்கிறது. அவ்வாறு காலில் உண்டான கட்டி பிய்ந்து, வயிற்றின் பெருஞ்சிரை வழியாக இருதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிக்கொள்ளுமானால், சிறியதாயிருந்தால் மூச்சு இளைக்கும். பெரியதாயிருந்தால் அந்த க்ஷணமே பிராணன் போய்விடவும் கூடும்.

இதற்கு நோய்ப்படுக்கைகூட அவசியமில்லை. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு பொழிந்த இரவுகளில், பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களில் சிலர், மேலே ஒரு கீறலும் படாமலே திடீர் திடீரென்று இறந்துபோனதை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்து, அந்த வருஷ இறுதியிலேயே எழுதினார். நாற்காலியின் முன்சட்டம் முழங்காலின் பின்புறத்தை இரவெல்லாம் அழுத்தியிருக்கிறது. காலில் உறைந்தது நுரையீரலுக்கு ஏறியிருக்கிறது. பிரேதங்களை அறுத்துப் பார்த்ததனால்தான் அவருக்கு அது தெரிந்தது. டேங்கர் லாரியிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தபடியே வடக்கே போய்வரும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிக்காரர்கள் நிறைந்த வட்டாரம் இது. வீடு திரும்பிய டிரைவர் ஒருவர் ஒற்றைக் கால் வீக்கத்தோடு வந்தால் அதை ‘நீர்’ என்றும் ‘சுளுக்கு’ என்றும் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது. அது தனியே எழுத வேண்டிய விஷயம்; நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே திரும்புகிறேன்.

வெளியே நடமாடுகிற மனிதருக்கு இந்த வியாதி வந்தால் அவர் வாய்விட்டுச் சொல்வார்: நெஞ்சு குத்துகிறது, மூச்சு வாங்குகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது என்பார். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவருக்கு வாயும் இல்லை, வலியைக் காட்டும் முகக்குறியும் இல்லை. அவருக்காகப் பேசுவது மானிட்டர் ஒன்றுதான். அதுவோ நாடி விரைகிறது, ஆக்சிஜன் குறைகிறது என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பாஷை அறியாது. நாடி விரைவதற்கும் ஆக்சிஜன் குறைவதற்கும் அந்த அறையில் நூறு காரணங்கள் தயாராக இருக்கின்றன. நிமோனியா இருக்கிறது, நுரையீரலில் நீர் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது. எனவே ஆக்சிஜனைக் கூட்டுகிறார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றுகிறார்கள். கண்ணெதிரே ஒரு காரணம் நின்றுகொண்டிருக்கையில், மறைந்து நிற்கும் இன்னொன்றைத் தேட மனித மனம் சுலபமாக முற்படுவதில்லை. வெளிநோயாளிகளுக்கு உதவுகிற டி-டைமர் இரத்தப் பரிசோதனையும் இங்கே கைகொடுப்பதில்லை, ஏனெனில் கடும் நோயில் கிடக்கும் ஏறக்குறைய எல்லோருக்குமே அது உயர்ந்துதான் இருக்கும்.

பிரான்சில் கிரெனோபிள் நகரத்து மருத்துவர்கள், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஏதேனும் ஒரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்க நேர்ந்த 176 பேரின் நுரையீரல் தமனிகளையும் அதே ஸ்கேனில் சேர்த்துப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். 33 பேருக்கு இரத்தக் கட்டி இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்படியொரு சந்தேகமே அதற்கு முன் எழுந்திருக்கவில்லை. கொரோனா தொடங்கிய 2020-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், அந்நோயால் இறந்த முதல் 12 பேரின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது, 7 பேருடைய கால் சிரைகளில் உறைவு காணப்பட்டது. உயிரோடிருந்த காலத்தில் அவர்களில் ஒருவருக்கும் அது கண்டறியப்படவில்லை. 4 பேருக்கு நுரையீரலை அடைத்த கட்டியே நேரடியான மரண காரணமாக இருந்தது. செல்வமும் கருவிகளும் மிகுந்த தேசங்களின் கதை இது.

நம் நாட்டு மருத்துவர்களிடையே, இந்த வியாதி வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம்மவர்களுக்கு அபூர்வம் என்ற ஓர் அபிப்பிராயம் வெகுகாலம் நிலவி வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, சேர்க்கப்பட்ட நோயாளிகளில் பத்தாயிரத்துக்குப் பதினேழு பேர் வீதம் கால் சிரை உறைவு இருந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்கள் என்றும் எழுதினார்கள். பதினேழு என்பது கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு. கண்டுபிடிக்கப்படாதவர்களின் கணக்கை அறிய வேண்டுமானால் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் இறந்தவர்களை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை விடாமல் காப்பாற்றி வருகிற அந்த நிலையத்தார், பொது மருத்துவப் பிரிவில் இறந்த ஆயிரம் பேரை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருடைய நுரையீரலில் இரத்தக் கட்டி இருந்தது. ஓரிடத்தில் பத்தாயிரத்துக்குப் பதினேழு, இன்னோரிடத்தில் நூற்றுக்குப் பதினாறு. ஒன்று சேர்ந்தவர்களின் கணக்கு, மற்றது இறந்தவர்களின் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது என்பதை அறிவேன். ஆயினும் அறுத்துப் பார்க்காத ஊரில் இந்த வியாதி அபூர்வமாகத்தான் தோன்றும். அபூர்வம் என்று தோன்றுவதால் அதை யாரும் தேடமாட்டார்கள். தேடாததால் அது என்றென்றும் அபூர்வமாகவே நீடிக்கும். இந்தச் செக்கைத்தான் நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

வராமல் தடுக்க வழியில்லாத வியாதி என்றால் விதி என்று ஆறுதல் கொள்ளலாம். வழி தெரிந்து வெகுகாலமாகிறது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பணியாற்றிய விஜய் கக்கர் என்ற இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர், பல தேசங்களில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,121 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இரத்தத்தை உறையவிடாத ஹெபாரின் மருந்தைச் சிறிய அளவில் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டு, 1975-ல் முடிவை அறிவித்தார். ஊசி போடாத பிரிவில் 16 பேர் நுரையீரல் அடைப்பினால் இறந்தார்கள். போட்ட பிரிவில் இருவர். உலகத்தின் மருத்துவப் பழக்கத்தையே மாற்றிய கணக்கு இது, கண்டறிந்தவர் நம்மவர். இது நடந்து முப்பது வருஷங்களுக்குப் பின், 32 நாடுகளின் மருத்துவமனைகளைப் பார்வையிட்ட ஓர் ஆய்வின் இந்தியப் பகுதியில், 10 மருத்துவமனைகளில் 2,058 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் உறைவு அபாயத்தில் இருந்தார்கள். அப்படி இருந்தவர்களில் தக்க தடுப்பு கிடைத்தது நூற்றுக்குப் பதினேழு பேருக்கு. நாடுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலோ பாதிப் பேருக்குக் கிடைத்திருந்தது. நூற்றுக்குப் பதினேழு என்ற அந்த எண்ணைப் படித்தபோது என் மனம் கொதித்தது. இப்போது எழுதுகையிலும் கொதிக்கிறது.

மருத்துவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டு மூளையில் இரத்தம் கசிந்து கிடப்பவருக்கு இரத்தத்தை உறையவிடாத மருந்தைக் கொடுப்பது எளிய காரியம் அன்று. சேலம் நாமக்கல் நெடுஞ்சாலைகளிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்குவோரில் அப்படிப்பட்டவர் பலர் இருக்கிறார்கள். எப்போது மருந்தைத் தொடங்குவது என்ற தராசை நாள்தோறும் பிடித்து நிற்பவர்களுடைய சங்கடத்தை வெளியிலிருந்து குறை சொல்வது நியாயமாகாது. நுரையீரல் ஸ்கேனுக்கு நோயாளியை வென்டிலேட்டரோடு கீழ்த் தளத்துக்கு உருட்டிக்கொண்டு போவதும், சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாய மருந்து ஏற்றுவதும் அபாயமற்றவை அல்ல. எல்லோருக்கும் ஸ்கேன் எடுங்கள் என்பது என் கோரிக்கையும் அல்ல. ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் கடுகளவுக் கட்டிகள் எல்லாவற்றுக்கும் மருந்து வேண்டியதில்லை என்று நிபுணர்களே சொல்கிறார்கள். விலையுயர்ந்த சாதனங்களும் கேட்கவில்லை. ஹெபாரின் போடுகிறவர்களுக்கு அதனோடு காலை விட்டு விட்டு அமுக்கும் காற்றுறையையும் மாட்டினால் மேலும் பலன் உண்டா என்று நம் நாட்டு நோயாளிகளும் பங்குகொண்ட ஆய்வில் 2,003 பேரிடம் சோதித்து, பெரிதாக இல்லை என்று 2019-ல் தெரிவித்துவிட்டார்கள். மருந்து போட முடியாதவருக்குக் காற்றுறை, முடிந்தவருக்கு ஊசி.

ஊசி போட்டாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. தீவிர சிகிச்சையில் இருந்த 3,764 பேருக்கு இருவகை ஹெபாரின்களைக் கொடுத்து ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வில், மருந்து போட்டும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தொடைச் சிரையில் உறைவு கண்டது. ஆகையால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வேண்டிய கருவி, கழுத்துச் சிரையில் குழாய் செருகும்போது வழிகாட்டுவதற்காகப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சக்கரம் வைத்த மேசையில் ஏற்கெனவே நிற்கிற சிறிய அல்ட்ராசவுண்ட்தான். தொடையிடுக்கிலும் முழங்காலின் பின்புறத்திலும் அதன் முனையை வைத்து மெதுவாக அழுத்தினால், நல்ல சிரை காலியான பை போல ஒட்டிக்கொள்ளும். கட்டி இருக்கிற சிரை ஒட்டாமல் உருண்டையாகவே நிற்கும். பழகிய கைக்கு இரண்டு காலுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். ஆக்சிஜன் காரணமின்றிக் குறைகிறவருக்கு இருதயத்தையும் அதே கருவியால் பார்த்து, வலப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்தால், மாரடைப்புக்குக் கொடுக்கிறோமே, அந்தக் கட்டி கரைக்கும் மருந்து இங்கேயும் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

நம் வட்டாரம் இதற்கு இயலாத வட்டாரமும் அல்ல. 2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளைச் சில நாட்களில் அமைத்துக் காட்டினோம். அந்த நாட்களில் கொரோனாவுக்குப் படுத்தவர்களின் வயிற்றில் நாள்தோறும் ஹெபாரின் வகை ஊசி விழுந்தது. ‘இரத்தம் கட்டாம இருக்க ஊசி’ என்று படிக்காதவர்களும் அதை அறிந்திருந்தார்கள். கொரோனா அலை ஓய்ந்துவிட்டது, அந்த ஜாக்கிரதை ஓயாமல் நிற்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் அதே வருஷம் டிசம்பரில் வந்தது. மிக நல்ல திட்டம் என்று மனப்பூர்வமாகச் சொல்வேன். ஆனால் நான் சொல்லுகிற யமன் பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு, உறவினர்கள் ‘இனிப் பிழைத்துக்கொள்வார்’ என்று பெருமூச்சு விடத் தொடங்கிய நாட்களில் வருகிறவன்.

இறப்புச் சான்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனையில் நேரும் மரணத்துக்குக் காரணம் எழுதும் படிவம் 4, சாவைக் கொடுத்த வியாதியையோ காயத்தையோ எழுது, உயிர் பிரிந்த விதத்தை எழுதாதே என்று அச்சிலேயே அறிவுறுத்துகிறது. இருதயமும் சுவாசமும் நின்றுபோவது உயிர் பிரிகிற விதம். அது நில்லாமல் எவரும் சாவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தத்தின்படி, காரணச் சான்றின் பிரதி ஒன்றை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதை இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு என்று மடித்து வைத்துவிடாமல், ஒரு முறை வாசித்து, புரியவில்லை என்றால் கேட்க வேண்டும். எங்கள் பெரியம்மா கேட்கப் பழகிவிட்டார். ஊரில் யாரேனும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றால், போகிறவர்களிடம், “மூஞ்சிய மட்டும் பாத்துப்போட்டு வந்துராதீங்க சாமி, போர்வைய நீக்கி ரெண்டு காலையும் பாருங்க” என்று சொல்லி அனுப்புகிறார்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் எழுதும் தாளில், ‘உறைவுத் தடுப்பு கொடுக்கப்பட்டதா, இல்லையெனில் ஏன், கால் பார்க்கப்பட்டதா’ என்று ஒரு வரி சேரட்டும். ஒரு வருஷத்துக்கு, மூன்று நாட்களுக்கு மேல் தங்குகிற ஒவ்வொருவருக்கும் வாரம் இரண்டு முறை கால் சிரைகளை அழுத்திப் பார்த்து எழுதி வைக்கட்டும். விபத்தில் காயமுற்றுச் சில நாள் படுக்கையில் கிடந்து இறந்தவர்களின் உடல்கள் வழக்கமாகப் பிரேத பரிசோதனைக்குப் போகின்றன. அங்கே நுரையீரல் தமனியைத் திறந்து கண்டதைத் தனிக் கணக்காகப் பதிவு செய்யட்டும். வருஷ முடிவில் இரண்டு கணக்குகளையும் ஒன்றாக வைத்து வெளியிடட்டும். அந்த எண்கள் உண்மையிலேயே சிறியவையாக இருந்துவிடுமானால், இந்தப் பத்திரிகையிலேயே என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பெரியம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.